பாலாற்றங்கரையில் பரிமாறுவோர்

சோற்றை விலைக்கு விற்பது பாவம் என்று நம் முன்னோர் நெடுங்காலம் கருதிவந்தனர். அதற்கு அன்னவிக்கிரயம் என்று பெயரிட்டு, விற்பவனையும் விலை கொடுத்து உண்பவனையும் ஒருசேரத் தாழ்வாக மதித்தனர். வழிப்பிரயாணம் போகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனான். அது தீர்ந்தால் சத்திரத்தை நாடினான். சத்திரமும் இல்லாத ஊரில் தன் ஜாதிக்காரர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்தான். ஆற்காடு, வாலாஜாப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி மேற்கே மைசூர்ச் சீமையை நோக்கிச் சென்ற பழைய பாதை, படைகளும் வணிகரும் யாத்திரிகரும் இடையறாது நடந்த பாதை. ஆயினும் அதில் நடந்த சாமானியன் காசை நீட்டிச் சோறு கேட்கக் கூசினான்.

விலையின்றி இடும் சோற்றைப் பரிமாறுகிறவருக்கோ அதே சமூகம் உயர்ந்த ஸ்தானம் அளித்திருந்தது. கலியாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பொறுப்பு குடும்பத்தில் மூத்தவருக்கும் ஊரில் பெரியவருக்கும் வாய்க்கும் கௌரவம். இலைக்கு இலை நின்று, எதிரே இருப்பவர் கூச்சப்படுகிறவரா, பசித்து வந்தவரா, பல்லில்லாத கிழவரா என்று முகம் பார்த்து அறிந்து, கேட்பதற்கு முன்பே இன்னொரு கரண்டி இடத் தெரிந்தவர்களையே அதற்கு அழைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில், தரையில் தஸ்தர்கான் விரித்து, சகன் என்னும் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் விருந்தில், விருந்தினர் கைக்கு நீர் வார்ப்பதும் சோறு கொண்டுவந்து வைப்பதும் வீட்டுப் பிள்ளைகளின் கடமை. பெரிய தோல் வியாபாரியின் மகனானாலும் அந்த நேரத்தில் அவன் கையில் தண்ணீர்ச் செம்பு இருக்கும். இவ்விரு விருந்துகளிலும், பரிமாற வந்தவரை ‘ஏய்’ என்று விளிக்கத் துணியும் விருந்தாளி கிடையாது. அதே சோறு, அதே கரண்டி. பரிமாறும் கைக்குக் கூலி என்று ஒன்று ஏற்பட்டதும் அந்த மரியாதை எங்கே போயிற்று என்பதையே, தோல் பதனிட்டு வாழும் இந்தப் பாலாற்றங்கரைத் தோல் நாட்டை முன்வைத்து இங்கே ஆராய விரும்புகிறேன்.

மாறுதலைக் கொண்டுவந்தவை ரயிலும் தோலும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை வந்தது; அப்பாதை பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்ப்பேட்டைக்கு நீண்டு, 1864-இல் அங்கிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. தோலைப் பதனிட வேண்டிய ஆவாரம் பட்டை சுற்றுப்புறக் காடுகளிலும் மேடுகளிலும் தாராளமாகக் கிடைத்தது. தண்ணீருக்குப் பாலாறு இருந்தது. பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க ரயில் வந்துவிட்டது. லண்டன் சந்தையின் விலையேற்றமும் இறக்கமும் பேரணாம்பட்டுத் தெருவின் அடுப்பெரிவதையும் அணைவதையும் தீர்மானிக்கும் காலம் பிறந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் தோல் ஷாப்புகள் எழுந்தன. பச்சைத் தோல் வாங்க வருகிற தரகர்கள், பட்டை வண்டி ஓட்டிகள், கணக்குப்பிள்ளைகள், மூட்டை தூக்குவோர், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கும் தொழிலாளிகள் என்று, வீட்டைவிட்டுத் தூரத்தில் நடுப்பகலில் பசிக்கிற ஒரு ஜனக்கூட்டமே உண்டாயிற்று. அத்தனை பேருக்கும் சத்திரம் போதாது, கட்டுச்சோறும் போதாது. அன்னவிக்கிரயம் பாவம் என்ற எண்ணம் தேவையின் முன் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

தளர்ந்த எண்ணம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வேறு உருவம் கொண்டு நிலைத்தது. விலைக்கு வாங்கி உண்ணலாம், ஆனால் யார் சமைத்தது, யார் பரிமாறியது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பட்டணங்களிலெல்லாம் பரவிய காபி கிளப்புகள் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிக்கொண்டதன் தாத்பரியம் இதுவே: இங்கே அடுப்படியில் நிற்பவரும் இலையில் இடுபவரும் இன்ன ஜாதியார், ஆகையால் எவரும் அஞ்சாமல் உண்ணலாம் என்பது அந்தப் பலகை கொடுத்த உறுதிமொழி. பரிமாறுகிறவரின் ஜாதி, கடையில் விற்கும் பண்டங்களில் ஒன்றாகிவிட்டது. பலகைக்குக் கிடைத்த மதிப்பு அந்தப் பலகையின் கீழ் ஓடியாடிய பையனுக்குக் கிடைத்ததா என்றால், இல்லை. வறுமை காரணமாகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் உடுப்பியிலிருந்தும் ஊரைவிட்டு வந்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவாட்டி, இரவு கடை கழுவிவிட்ட பின் அதே மேஜையின்மேல் படுத்துறங்கிய அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை மிகக் கடினமானது. 1938-இல் சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற உடுப்பி கே. கிருஷ்ணராவ் அவர்களே இளமையில் ஓட்டல் அடுக்களையில் எடுபிடியாக இருந்து முன்னுக்கு வந்தவர். அவரைப்போல் முன்னுக்கு வர இயலாமற்போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

உட்காரவே இடம் கிடைக்காதவர்களின் நிலை இதனினும் கொடியது. இந்தப் பிரதேசத்தில் தோல் என்பது வெறும் சரக்காக ஒருபோதும் இருந்ததில்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கும்பெனியாருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததற்குக் காரணங்களாகச் சரித்திரக்காரர் சொல்வனவற்றுள், அவர்கள் தலையில் ஏற்றப்பட்ட புதிய தலைப்பாகையிலிருந்த தோல் குஞ்சமும் ஒன்று. தோல் படுவதையே தீட்டாக எண்ணிய ஓர் ஊரைச் சுற்றி அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் தோலே ஜீவாதாரமாயிற்று. அதைத் தொட்டு, ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டவர்களில் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். ஏற்கனவே பிறப்பின் பேரால் விலக்கப்பட்டவர்கள்மீது தொழிலின் வாடையும் சேர்ந்துகொண்டது. அவர்களுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை. சில இடங்களில் குவளையும் இல்லை, சிரட்டையே. குடித்ததைத் தாமே கழுவி வெளியே கவிழ்த்துவிட்டு நகரவேண்டும். அப்படிப்பட்ட கடையில் பரிமாறுகிறவனுக்கும் உண்கிறவனுக்கும் இடையே மரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை. குவளையின்மேல் கைபடாதபடி உயரத்திலிருந்து ஊற்றும் தேநீர், ஊற்றுகிறவனையும் சேர்த்தே சிறுமைப்படுத்தியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சூழ்நிலையில்தான் முஸ்லிம்கள் நடத்திய சாப்பாட்டுக் கடைகளின் முக்கியத்துவத்தை உணரவேண்டும். ஆம்பூரில் இன்று உலகறிந்த பெயராக விளங்கும் ஸ்டார் பிரியாணிக் கடை, ஹசின் பேக் என்பவரால் 1890-இல் தொடங்கப்பட்டது என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. ஆற்காட்டு நவாபின் அடுக்களையிலிருந்து இறங்கிவந்த பக்குவம் என்று ஊரார் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். பிரியாணிக் கடையில் பந்தி பேதத்துக்கு மார்க்கத்தின் ஆதரவு கிடையாது. சகனில் பலர் கையிட்டு உண்ணும் வழக்கமுடைய சமூகம், மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் யார் என்று கேட்பதற்குப் பெரும்பாலும் அவசியம் காணவில்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயும் உண்டு. தோல் மண்டிக்காரருக்கு மின்விசிறியின் கீழ் இடமும், கூலியாளுக்கு வாசற்படிக்கு அருகே இடமும் என்ற ஏற்பாட்டை யாரும் எழுதிவைக்காமலே கடைப்பிடித்தார்கள். ஆயினும் காபி கிளப்பின் உள்ளே காலெடுத்து வைக்க முடியாத ஒருவன், சம்பள நாளில் வாரச் சம்பளத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, தானும் ஒரு மேஜைக்கு எதிரே அமர்ந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைக்கும் தட்டை எதிர்பார்த்திருக்கும் அனுபவத்தை இந்தக் கடைகளே அவனுக்கு அளித்தன.

அந்தத் தட்டைக் கொண்டுவருகிறவரின் தொழில்திறமையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். திறமையை அறியாதவரிடத்தில் மரியாதை எளிதில் பிறப்பதில்லை. ஆம்பூர்ப் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், இஞ்சி பூண்டு இவற்றோடு வெந்த இறைச்சியில் அரைவேக்காட்டு அரிசியைச் சேர்த்து, விறகடுப்பில் தம் போட்டு இறக்குகிறார்கள். தேக்சா என்னும் அந்தப் பெரிய பாத்திரத்தைத் திறந்ததும் சோறு உடையாமல் எடுப்பது ஒரு கலை. கரண்டியால் கிண்டாமல், சிறு தட்டு ஒன்றை ஓரமாகச் செருகி அடுக்கு அடுக்காகச் சரித்து எடுப்பார்கள். அது மாஸ்டரின் கை. அதன்பிறகு நடப்பதெல்லாம் சப்ளையரின் பொறுப்பு. பக்கவாட்டில் கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் தீரத் தீர வரவேண்டும். ஐந்தாவது மேஜையில் குழந்தைக்குக் காரம் ஆகாது, இரண்டாவது மேஜையில் பெரியவர் எலும்பில்லாத துண்டு கேட்டார், வாசலில் நிற்கிற லாரி டிரைவருக்குப் பார்சல் என்று, எழுதிக்கொள்ளாமல், பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஏழெட்டு மேஜைகளின் கணக்கை மனத்திலேயே வைத்திருந்து, உண்டு எழுந்தவர் கைகழுவி வருவதற்குள் இன்னாருக்கு இவ்வளவு என்று கல்லாவை நோக்கிப் பிசகாமல் குரல் கொடுக்கவேண்டும். சைவ ஓட்டல்களில் இருக்கிற பலகாரங்களின் பெயரையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்களே, அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அதே பட்டியலை அதே உற்சாகத்தோடு நாளொன்றுக்கு இருநூறு முறை சொல்லிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

இனி, சட்டத்தின் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சமபந்திக்காக நடந்த போராட்டம் நீண்டது, பெருமைக்குரியது. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப்பந்தி வைத்ததைக் குறித்து மூண்ட தகராறு மாகாணம் முழுவதையும் உலுக்கியது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவர்க்கு ஒரு பகுதி என்று பிரித்துவைத்திருந்த வழக்கம் 1941-இல் ஒழிந்தது. குடியரசின் அரசியல் சட்டம், தனது 15-ஆவது பிரிவில், கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் நுழைவதற்கு ஜாதி, மதம், பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரால் எவருக்கும் தடை கூடாது என்று விதித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவுச்சாலையில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த ஒருவருக்கு மறுப்பதையும் தண்டனைக்குரியதாக்கிற்று. தனிக் குவளை அன்றே குற்றமாயிற்று, ஆனால் அது கிராமங்களிலிருந்து எளிதில் மறையவில்லை. 1957-இல் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகைக்கு முன் தொடங்கிய கிளர்ச்சி மாதக்கணக்கில் நாள்தோறும் நடந்து, தொண்டர்கள் கைதாகிக் கைதாகிச் சிறை சென்றதன் விளைவாக, ‘பிராமணாள்’ என்ற சொல் ஓட்டல் பலகைகளிலிருந்து பெரும்பாலும் நீங்கிற்று.

இந்த வரலாற்றை ஊன்றிப் படிக்கும்போது ஒன்று புலனாகிறது. இதில் வருகிற ஒவ்வொரு வெற்றியும் உட்காருகிறவனுக்குக் கிடைத்த வெற்றி. யார் உள்ளே வரலாம், யாருக்குப் பக்கத்தில் அமரலாம், எந்தக் குவளையில் குடிக்கலாம் என்பவையே கேள்விகளாக இருந்தன. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள், உயிரைக் கொடுத்தும் கேட்கப்பட்டவை. மேஜைக்கு மறுபுறம் நின்றுகொண்டிருந்தவனைப் பற்றி ஒருவரும் அவ்வளவு உரக்கப் பேசவில்லை. இதற்கு இந்தத் தோல் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதன்முதலில் தன் அட்டவணையில் பன்னிரண்டு வகைத் தொழில்களைச் சேர்த்தது. அவற்றில் தோல் பதனிடுதல் இருந்தது, பீடி சுற்றுதல் இருந்தது. வட ஆற்காட்டின் ஏழை ஜனங்களுக்குச் சோறு போட்ட இரண்டு பெரிய தொழில்களும் அந்த மூல அட்டவணையில் இடம்பெற்றன. தோல் ஷாப்பிலிருந்து வெளிவந்த தொழிலாளிக்கும் பீடி மண்டியிலிருந்து எழுந்துவந்த தொழிலாளிக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்த ஓட்டல் பையனின் தொழில் அதில் இல்லை; ராஜ்ஜியங்கள் பிற்பாடு அதைச் சேர்த்துக்கொண்டன. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டமும், தனியாக 1958-இல் சென்னை ராஜ்ஜியம் இயற்றிய உணவு நிறுவனங்கள் சட்டமும் வேலை நேரத்துக்கு வரம்பும் வார விடுமுறையும் விதித்தன என்பது உண்மை. விதித்தது நடந்ததா என்பதை இரவு பதினொரு மணிக்கு எந்த பஸ் நிலையத்து ஓட்டலிலும் எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படம் அந்தத் தொழிலாளியைக் கதாநாயகனாக்கி ஒரு புண்ணியம் செய்தது. கே. பாலசந்தரின் எழுத்தில், நாகேஷ் அவர்களின் உடம்பில், ஓட்டல் சர்வருக்கும் ஒரு தாயும் ஓர் ஆசையும் ஓர் ஏமாற்றமும் உண்டு என்பதைத் தமிழ்நாடு கண்டு கண்ணீர் விட்டது. படம் பார்த்துவிட்டு ஓட்டலுக்குப் போனவர்கள் அன்றைக்காவது சற்றுக் கனிவாகப் பேசியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மேஜை துடைக்கும் பையனின் கதை அவ்வளவு இனிமையானதன்று. மாஸ்டர், சப்ளையர், அதற்கும் கீழே எச்சில் தட்டெடுத்து மேஜை துடைக்கும் பையன் என்று ஓட்டலுக்குள்ளேயே ஒரு வர்ணாசிரமம் இருந்தது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் ஈரத்துணியோடு மேஜைக்கு மேஜை ஓடிய அந்தக் குழந்தைகளை, வாடிக்கையாளர்களும் முதலாளிகளும் சப்ளையர்களும் ஆக மூன்று தரப்பாரும் அதட்டினார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கும் தேநீர்க்கடை, ஓட்டல் முதலியவற்றின் வேலைக்கும் வைக்கலாகாது என்ற மத்திய அரசின் தடை 2006 அக்டோபர் 10 முதல் அமலுக்கு வந்தது. அவ்வளவு பிந்தி வந்ததே என்று வருந்தத்தான் வேண்டும்.

‘பையன்’ என்று அழைக்கும் வழக்கம் அந்தக் குழந்தைகளோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. நரை விழுந்த சப்ளையரையும் ‘தம்பி’ என்று கூப்பிடும் இளைஞரை இன்றும் வேலூரில் பார்க்கலாம். அதுவும் பரவாயில்லை, விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களும் மேஜையைத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் புல்மன் கம்பெனியின் ரயில் பெட்டிகளில் பிரயாணிகளுக்குப் பணிவிடை செய்த கறுப்பு இனத் தொழிலாளர் அனைவரையும், அவரவர் பெயர் எதுவாயினும், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரைக்கொண்டே ‘ஜார்ஜ்’ என்று அழைத்தனர் என்று படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. அடிமைகள் எஜமானின் பெயரால் அறியப்பட்ட வழக்கத்தின் மிச்சம் அது. அந்தத் தொழிலாளர்கள் 1925-இல் சங்கம் கண்டு போராடியபோது, கூலியோடும் வேலை நேரத்தோடும் தங்கள் பெயரையும் மீட்கவே போராடினார்கள். ஆம்பூரில் உர்தூ பேசும் பெரியவர்கள் இளவயதுச் சப்ளையரை ‘பேட்டா’ என்று மகனாகப் பாவித்து அழைப்பதையும், வயதானவரை ‘பாய்’ என்றோ ‘அண்ணே’ என்றோ விளித்து, ‘கொஞ்சம் கத்திரிக்கா குடுங்க’ என்று கேட்பதையும் நான் விரும்பிக் கேட்பதுண்டு. தமிழில் ஒருமைக்கும் பன்மைக்கும் உள்ள தூரம் ஓரிரண்டு எழுத்தளவுதான். அதைக் கடக்கக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோம்புத் தட்டில் வைக்கும் சில்லறை மரியாதைக்கு ஈடாகாது. அது சம்பளத்துக்கும் ஈடாகலாகாது. பில்லிலேயே சேவைக் கட்டணம் என்று ஒரு வரியைச் சேர்த்து வசூலிப்பதைத் தடுத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளை, தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் செல்லும் என்று உறுதிசெய்தது. உண்பவருக்கு அது நியாயமே. பரிமாறுகிறவருக்கு நியாயம் செய்யவேண்டிய இடம் முதலாளியின் சம்பளப் பட்டியல். அந்த நியாயத்தை வாடிக்கையாளரின் மனநிலைக்கு விட்டுவிட்டால், நின்று சிரித்தவருக்கு ஒரு கூலியும் களைத்துப்போய்ச் சிரிக்க மறந்தவருக்கு வேறொரு கூலியும் என்றாகிவிடும். கொடுக்க மனமுள்ளவர் கொடுக்கட்டும். கொடுத்ததற்காக அதட்டும் பாத்தியதை தமக்கு வந்துவிட்டதாக எண்ணவேண்டாம்.

வேலூரில் பரிமாறுவோரின் வேலை வேறெங்கும் காணாத ஒரு தன்மையைப் பெற்றிருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததும், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்கலானார்கள். மருத்துவமனைக்கு எதிரேயுள்ள காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் வங்காளிச் சாப்பாடு கிடைக்கிறது. வங்க எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. அங்கே மேஜைக்கு வருகிறவர் பசித்தவர் மட்டுமல்லர், பயந்தவரும்கூட. உப்பில்லாத கஞ்சி கிடைக்குமா, மிளகாய் போடாத பருப்பு உண்டா, அறுவைச் சிகிச்சைக்குப் பின் என்ன கொடுக்கலாம் என்றெல்லாம் அரைகுறை ஹிந்தியிலும் சைகையிலும் கேட்கிற தகப்பனுக்கு, அந்த மொழி கற்றுக்கொண்ட வேலூர்ச் சப்ளையர் பதில் சொல்கிறார். மருந்துக்கடைக்கு வழி சொல்வதும், கூட்டம் குறைந்த நேரம் எது என்று சொல்வதும் அவரே. சம்பளத்தில் சேராத இந்தப் பணியை அவர்களில் பலர் முகம் சுளிக்காமல் செய்வதைப் பார்க்கையில், பந்தி விசாரிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

இப்போது காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை நான்கு வழிப்பாதையான பின் ஆம்பூரைச் சுற்றி எழுந்த பெரிய பிரியாணிக் கடைகளில் தட்டு கொண்டுவருகிறவர்கள் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் பாலக்காட்டுப் பையனும் உடுப்பிப் பையனும் இருந்த இடத்தில் இவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பேச்சு தெரியாமையை மந்தபுத்தி என்று எண்ணி எரிந்து விழுகிறவர்களையும் அதேபோல் சகித்துக்கொள்கிறார்கள். தமிழர் நாம் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இதே நிலையில் நின்றவர்கள். நமக்கு இதை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டிய தேவையே இருக்கக்கூடாது.

உண்பவர் வரிசையும் மாறிவிட்டது. பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை 1973 முதல் மத்திய அரசு கட்டுப்படுத்தியதால், முழுத் தோலும் காலணியும் இங்கேயே செய்யும் தொழிற்சாலைகள் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பெருகின. அவற்றில் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தவர்களில் பெண்களே அதிகம். தாய்மார் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகே, இந்த ஊர்களின் ஓட்டல்களில் பெண்கள் தாமாக வந்து, தம் காசில் உண்ணும் வழக்கம் பரவிற்று. 2013-இல் சென்னையில் தொடங்கி வேலூர் மாநகராட்சிக்கும் வந்த அம்மா உணவகங்களில் சமைத்ததும் சோறிட்டதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஒரு ரூபாய் இட்லிக்காக வரிசையில் நின்ற ஆண்கள் அவர்களை ‘அக்கா’ என்றே அழைத்தார்கள். விலை மலிவாக இருந்ததால் மரியாதை குறையவில்லை.

2022 மே மாதத்தில் ஆம்பூர்ப் பிரியாணித் திருவிழா ஒன்றைத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் நடத்த ஏற்பாடு செய்து, மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதால் ஆட்சேபங்கள் எழுந்து, இறுதியில் விழா ஒத்திவைக்கப்பட்டது. தட்டில் எது இருக்கலாம் என்ற கேள்வி இன்னும் இந்த மண்ணில் சூடு ஆறவில்லை என்பதற்கு அது சான்று. அக்கேள்வியைக் கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். தட்டைக் கொண்டுவருகிறவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்ற கேள்விக்கும் அதில் ஒரு பங்கு சூடு வேண்டும் என்பதே என் ஆசை.

அந்தக் கேள்வியைச் சட்டம் ஒரு விதத்தில் கேட்டுவிட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைத்தபோது உட்கார இருக்கை வைத்துக் கொடுக்கவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைத் தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது. கேரளம் இதை 2018-இலேயே செய்திருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களை முன்னிட்டே இதைப் பற்றி அதிகம் பேசினார்கள். ஆம்பூரிலும் வேலூரிலும் சில உணவுச்சாலைகளில் கைகழுவும் இடத்துக்கு அருகே ஒரு பெஞ்சைக் காண்கிறேன். பல இடங்களில் அதுவும் இல்லை. பெஞ்சு உள்ள கடையிலும், பிற்பகல் மூன்று மணிக்குமேல் கூட்டம் தணிந்து அவர்கள் தங்கள் தட்டோடு உட்காரும்போது, உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் குரல் கொடுத்தால், பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். சத்தம் போடாமல் தாமே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ‘சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலாளிமார்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம்: விலைப்பட்டியல் தொங்கும் அதே சுவரில், மூன்று மணி முதல் மூன்றரை மணி வரை பரிமாறுவோர் உண்ணும் நேரம் என்று, வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள்.